கொடுமுடிக் கோகிலத்தின் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீங்க!

பழைய இசைத்தட்டுகளைப் பத்திரப்படுத்தும் எங்களிடம், ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தட்டு ஒன்று இந்த மாதமும் வந்திருக்கிறது. நடுவில் ஒட்டிய காகிதத்தில், 'கொடுமுடிக் கோகிலம்' என்று பேர் வாங்கிய பாடகி, நடிகை கே.பி. சுந்தராம்பாள் பெயர் பளிச்சென்று இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பாட்டுதான் போய்விட்டது. பாட்டு பதிந்த வரிப்பள்ளங்கள் இளகி, துணியோடு வந்த அழுக்கும் அதிலேயே ஒட்டி, மேலே மங்கலாக ஒரு படலம். ஆசையாகச் செய்த வேலைதான், கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. ஆனால் இதைத் திரும்பச் சரிசெய்ய எங்களிடமும் வழி இல்லை, வேறு யாரிடமும் இல்லை.

எத்தனை முறை சொன்னாலும் இதையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது: நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அந்தப் பழைய தட்டு அரக்கால் ஆனது. அரக்கோடு கல் பொடியும் கரிப்பொடியும் கலந்து சூட்டில் அழுத்தி எடுத்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மர அலமாரிக்கு பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டுப் பாருங்கள், அரக்கை எதில் ஊறவைத்துக் கரைக்கிறார் என்று சொல்வார். சானிடைசர், செண்ட், கண்ணாடி துடைக்கும் திரவம், கம்ப்யூட்டர் கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எல்லாம் இதே ஜாதிதான். "வீடியோவில் அப்படித்தானே காட்டினார்கள்" என்கிறீர்கள். அந்த வீடியோ வினைல் தட்டுக்கு. வினைல் என்பது பிளாஸ்டிக், அதற்கு ஸ்பிரிட் கலந்த நீர் ஆகாததல்ல. உங்கள் தாத்தா வாங்கிவைத்த தட்டு வினைல் இல்லை.

பிரித்தறிவது எளிது. அரக்குத் தட்டு கனமாக, விறைப்பாக இருக்கும். வினைல் லேசாக வளையும். பத்து அங்குல அரக்குத் தட்டு ஒன்றே ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம், ஒரே பாட்டு. ஒரு பக்கத்தில் நாலைந்து பாட்டு இருந்தால் அது எல்.பி. என்கிற வினைல் தட்டு. சந்தேகமாக இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைத்துப் பார்க்க வேண்டாம்!

சுத்தம் செய்யும் முறை இதுதான். முதலில் மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே, வட்டமாக, உலர்ந்த தூசியை எடுங்கள். பல தட்டுகளுக்கு அதுவே போதும். பூசணம் பிடித்திருந்தால், முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்துத் தட்டிவிட்ட பிறகு, ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான்) மணமில்லாத சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு. துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். உடனே வெறும் நீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை. தட்டைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது; சில கம்பெனித் தட்டுகளுக்கு உள்ளே காகித அடுக்கு உண்டு, அது ஊறினால் உப்பிக்கொள்ளும். நடுக் காகிதத்தில் ஈரம் படக் கூடாது. வெந்நீர் ஆகாது. வெயிலில் காயவைக்கவே கூடாது. நிழலில், செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குகிறவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். அம்மணிகளா, தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், பூசணத்துக்குச் சோறு போடும்.

அடுத்தது, கேட்டுக் கேட்டுச் சலித்த வாதம்: "எல்லாம் யூடியூபிலேயே இருக்கே, தட்டு எதுக்குங்க?"

யூடியூபில் இருப்பது பெரும்பாலும் ஒரே சுந்தராம்பாள். 1953இல் வந்த 'ஔவையார்', 1965இல் வந்த 'திருவிளையாடல்'. முதலாவது வந்தபோது அவருக்கு 44 வயது, இரண்டாவது வந்தபோது 56. அந்தக் கம்பீரத்தை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் 1908இல் கொடுமுடியில் பிறந்த அந்தப் பெண் சினிமாவுக்கு வருமுன்பே மேடையில் பெரிய நட்சத்திரம். 1935இல் வந்த 'நந்தனா'ருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து அழைத்தார்கள் என்றால், அந்தப் பெயர் எங்கே சம்பாதித்தது? நாடகக் கொட்டகையிலும் இசைத்தட்டிலும். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை எட்டவைத்த இளவயதுக் குரலைக் கேட்க இன்று தட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில், ஒரு பேசும் படத்திலும் நடிக்காமல் மறைந்தார். அவரை நாம் கேட்பது முழுக்க முழுக்க அரக்கில்தான். சுந்தராம்பாள் தேசிய இயக்கத்துக்காகப் பாடிய பாட்டுகளும் அப்படியே.

இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய பாட்டுகளிலும் பல, வேகம் தப்பியவை. தட்டில் 78 என்று போட்டிருந்தாலும், ஆரம்பகாலப் பதிவுகள் 74 முதல் 80 வரை எப்படி வேண்டுமானாலும் இருக்கும். 75இல் பதிந்ததை 80இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்று மேலேயே ஏறிவிடும். பாட்டும் அவசரமாக ஓடும். அதைக் கேட்டுவிட்டு "அவர் இத்தனை கட்டையில் பாடினார்" என்று எழுதுகிறார்கள், அதைப் பத்துப் பேர் எடுத்துப் போடுகிறார்கள். கூட ஒலிக்கும் ஆர்மோனியத்தை ஒத்துப் பார்த்து, அதே காலத்து வேறு தட்டுகளையும் வைத்துப் பார்த்துத்தான் வேகத்தை முடிவுசெய்ய வேண்டும். அதற்கு அசல் தட்டு கையில் இருக்க வேண்டும்.

நம் ஈரோடு, காங்கேயம், தாராபுரம் பக்கத்து வீடுகளில் இவை இருக்கும் இடம் அட்டாலி. பித்தளை அண்டாவுக்கு அடியில், தகரக் கூரைக்குக் கீழே, படுக்கவைத்து அடுக்கியிருப்பார்கள். சித்திரை வெயிலில் அங்கே கை வைக்க முடியாது. சூட்டில் அரக்கு நெளியும். மேலிருக்கும் எடையில் அடித்தட்டு விரிசல் விடும். இறக்குங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், புத்தகம் அடுக்குவதுபோல நேராக நிறுத்துங்கள். சாய்ந்து நிற்கக் கூடாது. அரை அடிக்கு ஒரு தடுப்புப் பலகை. பூசணம் பிடித்த பழைய உறையை மாற்றி, அமிலமில்லாத காகித உறை போடுங்கள். பழைய உறையில் கடைப் பெயர், விலை, கையெழுத்து ஏதாவது இருந்தால் எறியாமல் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் கவர் ஆகாது, உள்ளே வியர்க்கும்.

மைக்செட் வைத்திருந்தவர்களிடம்தான் பெரிய கட்டுகள் இருக்கின்றன. கல்யாணம், சீர், நோம்பி என்று ஓடி ஓடித் தேய்ந்தவை. தேய்ந்தது என்று தள்ளிவிடாதீர்கள். பழைய ஊசி ஓடிய ஆழத்தைத் தவிர்த்து, பள்ளத்தின் வேறு உயரத்தில் தொடும் ஊசியைப் போட்டால் பல தட்டுகள் ஆச்சரியமாகப் பாடும். ஆனால் அதற்குமுன் நீங்கள் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் பெட்டியில் போட்டுக் "கேட்டுப் பார்த்து"விடக் கூடாது. அந்தப் பெட்டியின் தலை கனமானது. எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கு. துருப்பிடித்த ஊசியையே போட்டு ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகும். நவீன பிளேயரில் எல்.பி. ஊசியும் சரிவராது. அது மெல்லியது, அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். 78க்கென்று ஏறக்குறைய 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை உள்ள ஊசி வேண்டும். அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 5 கிராம்.

யாரிடமாவது பதிவுசெய்யக் கொடுத்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு, இரைச்சல் நீக்காத மூலப்பதிவு. சுத்தப்படுத்திய பிரதி தனியாக இருக்கட்டும். எம்.பி.3 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். காகித லேபிளின் படமும், அதைச் சுற்றி அரக்கிலேயே பொறித்த எண்ணும் கோப்போடு சேர வேண்டும். எந்தப் பதிவு, எந்த முறை பாடியது என்று அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

காப்புரிமைப் பயத்தில் அடுக்கிலேயே பூட்டிவைக்கிறவர்களுக்கு: நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1930களின் பதிவுகள் அதைத் தாண்டிவிட்டன. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு. வெளியிடும்முன் அதைப் பாருங்கள். பத்திரப்படுத்த யாருடைய அனுமதியும் வேண்டாம்.

உடைந்த தட்டா? ஃபெவிக்விக் போடாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் காகிதத்தில் மடித்து, தட்டையாக ஓர் அட்டைப்பெட்டியில். சிறு சில்லு விழுந்திருந்தால் அதையும் சேர்த்து. பசை படாத உடைப்பிலிருந்து பாட்டை மீட்க வாய்ப்பு உண்டு. பசை பட்டால் விளிம்பு மறுபடி சேராது. நாடக செட்டாக இருந்தால் நாலைந்து தட்டில் கதை தொடரும். பங்காளிகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டாம்.

காப்பிக் கடைச் சுவரில் மாட்டவும், கடிகாரம் செய்யவும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்குமுன் லேபிளையாவது படம் எடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதானால் ஒவ்வொன்றுக்கும் தனி உறை, இரண்டு தட்டுக்கு நடுவே ஓர் அட்டை, பெட்டிக்குள் பெட்டி, நாலு புறமும் கசக்கிய காகிதம். ஒரு பெட்டிக்குப் பத்துத் தட்டுக்கு மேல் வேண்டாம். தட்டு நிற்கும் நிலையிலேயே பெட்டி மடியில் இருக்கட்டும், டிக்கியில் போடாதீங்க.