எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது இருக்கட்டும்

மொழியியல் களப்பணிக்கு மாணவர்களைத் தயார் செய்வது என் வேலை. சிறிய மொழி ஒன்றின் பெயரைச் சொன்னதுமே, "எத்தனை பேர் சார் பேசுறாங்க?" என்றுதான் கேட்பார்கள். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள பப்புவா நியூ கினியில் அந்த எண்ணை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு செய்துவிட முடியாது.

அங்கே செப்பிக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் காபுன் என்ற கிராமம். அந்த ஒரே ஊரின் மொழி தயாப். எந்தக் காலத்திலும் அதைச் சுமார் 150 பேருக்கு மேல் பேசியிருக்க மாட்டார்கள் என்பது கணிப்பு. அப்படியே தலைமுறை தலைமுறையாக நன்றாக இருந்த மொழிதான்.

1980-களின் நடுவில் மானிடவியலாளர் டான் கூலிக் அங்கே தங்கியபோது, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாரும் அதைப் பேசவில்லை. எல்லாம் நாடு முழுக்கப் பொதுமொழியாகப் புழங்கும் டோக் பிசின். பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து கேட்டால் கதை வேறு. அம்மா தயாப்பில் ஏதோ சொல்வாள். பிள்ளை திரும்பிப் பார்க்காது. உடனே அதையே டோக் பிசினில் சொல்வாள். தயாப்பைக் காதில் வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். மொழியை மாற்றியது அம்மாவுக்கே தெரியாது.

தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் ஊருக்குக் கொண்டுவந்ததுதான் டோக் பிசின். போகப்போக விவேகம், தேவாலயம், வெளியுலகம் எல்லாம் அதன் பக்கம் சேர்ந்தன. பிடிவாதமும் பழைய காலமும் தயாப் பக்கம். இப்போது தயாப் பேசுவோர் 50 பேர்கூட இல்லை. இளையவர்களுக்குப் புரிகிறது. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் சிலர் கதையே சொல்வார்கள். ஆனால் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. தப்பாகச் சொன்னால் பெரியவர்களின் கேலி இருக்கிறதே!

மொழி கடினம், அதனால் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. அதே நாட்டின் ரோசல் தீவில் பேசப்படும் யெலி மொழியில் சுமார் 90 ஒலிகள். வெளியாட்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பேசுவோர் சில ஆயிரம் பேர்தான், ஆனாலும் பிள்ளைகள் அதை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வளர்கிறார்கள்.

கணக்கெடுப்புப் படிவத்தில் 'வீட்டு மொழி' என்ற கட்டத்தை எல்லாரும் பெருமையாக நிரப்பித் தந்துவிடுவார்கள். அதனால் படிவம் அப்புறம். முதலில் திண்ணையில் உட்கார்ந்து, மூன்று வயதுப் பிள்ளையை எந்த மொழியில் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், அது வராவிட்டால் எந்த மொழியில் திட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன்.