அம்மாவின் முழங்கால் வலியும் பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணும்

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ சிங்கப்பூருக்கு அழைத்து வந்திருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான்.

நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருகிற தமிழ் அம்மாக்கள் பெரும்பாலும் முழங்கால் வலி என்றுதான் வருவார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் இருக்கும், அறுபது தாண்டியவர்களில் அது நிறையப் பேருக்கு உண்டு, ஆனால் படத்தில் தெரிகிற தேய்மானத்துக்கும் அவர்கள் சொல்கிற வலிக்கும் கணக்கு ஒத்துவராது. ஊரில் மொட்டைமாடி ஏறி வடகம் காயப்போட்டவர், லிஃப்ட் உள்ள வீட்டில் சோபாவிலிருந்து எழ முடியவில்லை என்பார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் தூக்கம் இல்லை, பசி இல்லை, சாயங்காலமானால் படபடப்பு என்று ஒவ்வொன்றாக வரும். சனி, ஞாயிறில் வலி எப்படி என்று கேட்பேன். "அன்னிக்கு அவ்வளவா தெரியல" என்பார்கள். அன்றுதான் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாள்.

இதை நடிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வலி நிஜம். தனிமையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும், வலிக்குப் பயந்து நடையைக் குறைப்பார்கள், நடை குறைந்தால் தொடைத் தசை மெலியும், அப்புறம் மூட்டுக்குத் தாங்கல் இருக்காது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது. 148 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்கள் உயிர் வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. அதற்காக எல்லாவற்றையும் தனிமையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கினாலோ ஒரு கை வலுவிழந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்பவர் தன் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்க வேண்டுமென்றால் மாதம் 12,000 சிங்கப்பூர் வெள்ளியாவது நிலையான சம்பளம் வாங்க வேண்டும். அந்தச் சம்பளம் தருகிற வேலை எத்தனை மணிக்கு வீடு திரும்ப விடும் என்பது உங்களுக்கே தெரியும். காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் இரவு வரை அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடையாது. குழந்தையும் பாலர் பள்ளிக்குப் போய்விடும்.

என்னிடம் வந்த கும்பகோணம் பக்கத்து அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லை, கொடுத்த பயிற்சியைச் செய்வதும் இல்லை. ஒருநாள் வந்தபோது முழங்காலில் கோடாலித் தைலம் வாசம் தூக்கலாக அடித்தது. யார் தேய்த்துவிட்டது என்று கேட்டேன். "அந்த இந்தோனேசியாப் பொண்ணு" என்றார், முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அதே மாடியில் நான்கு வீடு தள்ளி வேலை செய்கிற பெண், ஊர் ஜாவா. பாலர் பள்ளிப் பேருந்துக்காக இருவரும் தினமும் ஒரே நேரத்தில் கீழ்த்தளத்தில் நிற்பார்களாம். ரொம்ப நாள் வெறும் சிரிப்புதான். ஒருநாள் மழையில் பேருந்து வர நேரமாகி, அம்மா நிற்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டபோது, அந்தப் பெண் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தேய்த்துவிட்டிருக்கிறாள். இன்னொரு நாள், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் சமூகத் தோட்டத்தில் ஒரு சீனத் தாத்தா ஒடித்துக் கொடுத்த முருங்கைக்கொத்தோடு வந்தாள். அவள் 'கெலோர்' என்கிறாள், இவர் முருங்கை என்கிறார். இரவு துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானே உதிரும் என்பதைக் கையை மடக்கித் தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் காட்டிப் புரியவைத்ததை அம்மா எனக்கும் நடித்துக் காட்டினார்.

அந்தப் பெண் தன் மகளை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீடியோ காலில் இரண்டு பாட்டிகளும் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது, பேரப்பிள்ளைகளை மட்டும் மாற்றி மாற்றிக் காமிராவுக்கு முன்னால் இழுத்து நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். இப்போது இருவரும் பேருந்து வருவதற்குச் சற்று முன்பே இறங்கி புளோக்கை ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். நான் கொடுக்கும் பயிற்சி பழையதுதான், இப்போது அதை அவர் செய்கிறார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார்.

இதற்கு மகன் சொன்னது: "வேலைக்காரப் பொண்ணோட என்ன பழக்கம், வீட்டு விஷயம் எல்லாம் வெளிய போகும்." நிறைய வீடுகளில் கேட்கிற பேச்சுதான், எனக்கு இதில் கோபமே வரும். இந்த ஊரில் சுமார் 3 லட்சம் இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மா வெளியே வருகிற அதே பகல் வேளையில், அதே லிஃப்டில், அதே விளையாட்டுத் திடலில் இருப்பவர்கள் அவர்கள்தான். வாராவாரம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கும் பெருமாள் கோயிலுக்கும் அழைத்துப் போவது நல்ல விஷயம், போங்கள், ஆனால் அங்கே அம்மா பார்க்கிற முகங்கள் ஒவ்வொரு வாரமும் வேறு. தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தென்படுகிற முகத்தோடுதான் பழக்கம் ஒட்டும், அதற்குப் பாஷைகூட அவ்வளவாக வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பணிப்பெண் தன் முதலாளிக்காக மட்டுமே வேலை செய்யலாம், அது சட்டம். நட்பாகிவிட்டாள் என்று உங்கள் வீட்டில் காய் நறுக்கவோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ கூப்பிட்டால் சிக்கல் அவளுக்கும் வரும். பழக்கம் அவள் முதலாளிக்குத் தெரிந்திருக்கட்டும், ஒளித்துப் பழகினால் திட்டு வாங்குவது அவள்தான். கடன் கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 2023-லிருந்து முதலாளி அவளுக்கு மாதத்துக்கு ஒரு ஓய்வுநாளையாவது கட்டாயம் கொடுத்தாக வேண்டும், காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. அந்த நாளில் முதலாளிக்கும் தெரிந்து அவளைச் சாப்பிடக் கூப்பிடலாம், விருந்தாளியாக.

இன்னொன்று, பணிப்பெண்ணின் வேலை அனுமதி பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத்தான், அவள் ஒருநாள் கிளம்பிப் போவாள். அம்மாவின் போனில் அவள் எண்ணைச் சேமித்து, தானாக வீடியோ கால் போட இப்போதே கற்றுக்கொடுத்துவிடுங்கள். வீட்டுச் சாவி ஒன்று, பேருந்து அட்டை ஒன்று, முகவரி எழுதிய சீட்டு ஒன்று அம்மாவின் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். அப்புறம் அரைநாள் விடுப்பு எடுத்து, பேருந்து வருகிற நேரத்தில் நீங்களும் ஒருமுறை கீழே போய், அந்தப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.