இடைவெளியும் ஒரு கட்டளை: மேன் பக்கங்களைச் சீர்செய்வதன் நுட்பம்

லினக்ஸில் நிரல் எழுதுகிறவருக்கு, சாக்கெட் (வலையமைப்பில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் இணைப்புமுனை) ஒன்றைத் திறக்கும் அழைப்பு என்னென்ன உள்ளீடுகளைக் கேட்கும் என்பதில் ஐயம் வந்தால், முனையத்தில் ‘மேன் 2 சாக்கெட்’ என்று தட்டிப் பார்ப்பது வழக்கம். கையேட்டின் இரண்டாம் பிரிவில் சாக்கெட்டுக்கான பக்கத்தைக் காட்டு என்பது அதன் பொருள்; இப்படித் திரையில் வரும் கையேட்டுப் பக்கம்தான் ‘மேன் பக்கம்’. இரண்டாம் பிரிவில் கர்னல் (இயங்குதளத்தின் கரு) அழைப்புகளும், மூன்றாம் பிரிவில் நிரலகச் சார்புகளும், ஏழாம் பிரிவில் டிசிபி, ஐபி போன்ற நெறிமுறைகளைப் பற்றிய விளக்கங்களும் இருக்கின்றன. திரையில் தோன்றும் பக்கம் பத்தி பிரித்து, ஓரம் சீராக, படிக்கத் தோதாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் அதே வடிவில் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. க்ராஃப் என்னும் வடிவமைப்பு நிரல், ஒரு மூலக்கோப்பைப் படித்து, படிப்பவரின் முனையம் எவ்வளவு அகலமோ அதற்கேற்ப அந்தப் பக்கத்தை அப்போதைக்கப்போது கட்டித் தருகிறது.

லினக்ஸ் மேன் பக்கத் திட்டத்தின் மாற்ற வரலாற்றைப் புரட்டினால், ‘எஸ்ஆர்சிஃபிக்ஸ்’ என்ற குறிப்போடு ஏராளமான மாற்றங்களைக் காணலாம். மூலக்கோப்பு மாறியிருக்கிறது, வெளியீடு மாறவில்லை என்பது அதன் பொருள். வரி முடிவில் ஒட்டிக்கிடந்த இடைவெளிகளை நீக்குவது, நீண்ட வரிகளை உடைப்பது, வெற்று வரிகளை ஒழிப்பது என்று வெற்றிடத்தைத் துப்புரவாக்கும் வேலை பெரும்பாலும் இந்தக் குறிப்பின்கீழ் வரும். கேட்பதற்கு எளிய வேலையாகத்தான் தோன்றும். ஆனால் க்ராஃபுக்கு இடைவெளி, வரிமுடிவு, வெற்று வரி ஆகிய மூன்றுமே கட்டளைகள் என்பதால், ‘வெளியீடு மாறவில்லை’ என்று வாக்களிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மரபு பழையது. யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஜோ ஒசானா ட்ராஃப் நிரலை எழுதினார்; அதே விதிகளைப் பின்பற்றி ஜேம்ஸ் கிளார்க் எழுதிய க்ராஃப் 1990இல் வெளிவந்தது. மூலக்கோப்பின் வரிகளிலிருந்து சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளியீட்டு வரியில் இடம் உள்ளவரை அடுக்கிக்கொண்டே போவதுதான் இதன் அடிப்படை வேலை. ஆகவே மூலத்தில் வரி எங்கே உடைந்தாலும் பத்தியின் தோற்றம் மாறாது என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் உண்மை. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தால், அதுவரை அடுக்கிய வரி அங்கேயே முறிந்து, புதிய வரி உள்தள்ளித் தொடங்கும். வரியின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் அது உரையாகவே கருதப்படாது, கட்டளையாகிவிடும். எச்டிஎம்எல்லில் சொற்களுக்கிடையே பத்து இடைவெளி விட்டாலும் உலாவி அதை ஒன்றாகச் சுருக்கிவிடும். ட்ராஃப் மரபிலோ எத்தனை விட்டோமோ அத்தனையும் வரிக்குள் அப்படியே நிற்கும்.

வாக்கிய முடிவை அது கண்டுகொள்ளும் விதம் இன்னும் நுட்பமானது. புள்ளி, கேள்விக்குறி, வியப்புக்குறி ஆகியவற்றில் ஒன்று மூலவரியின் கடைசியில் வந்தால், வாக்கியம் முடிந்தது என்று க்ராஃப் முடிவு செய்து, அடுத்த சொல்லுக்கு முன் கூடுதலாக ஓர் இடைவெளி விடும். அதே புள்ளி வரியின் நடுவில் வந்து, பின்னால் ஒரே ஓர் இடைவெளி இருந்தால் வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளாது. இப்போது ஒருவர் நீண்ட வரி ஒன்றை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘எடுத்துக்காட்டாக’ என்பதற்கு ஆங்கிலக் கையேடுகளில் வரும் ‘ஈ.ஜி.’ என்ற சுருக்கம் தற்செயலாக வரியின் முடிவில் போய் விழுகிறது. வாக்கியத்தின் நடுவே காரணமில்லாமல் இரட்டை இடைவெளி முளைத்துவிடும். ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை, ஆனாலும் வெளியீடு மாறிவிட்டது. இதைத் தடுக்க அந்தச் சுருக்கத்தின் கடைசிப் புள்ளியை அடுத்து \& என்ற குறியை இடுவார்கள்; அது அச்சில் எந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளாது, ஆனால் புள்ளி வாக்கிய முடிவன்று என்பதை க்ராஃபுக்கு உணர்த்திவிடும்.

வாக்கியத்துக்கு ஒரு வரி என்ற வழக்கம் இதனோடு ஒட்டியே வளர்ந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள், காற்புள்ளி போன்ற இயல்பான இடங்களில் வரியை உடையுங்கள் என்று பிரையன் கெர்னிகன் 1974இலேயே யூனிக்ஸ் கற்போருக்கு எழுதினார். மேன் பக்கத் திட்டத்தின் எழுத்துவிதிகளும் இன்று இதையே கோருகின்றன. மாற்றங்களை ஒப்பிடும் டிஃப் நிரல் கோப்பை வரிவரியாகத்தான் பார்க்கிறது. ஓரம் பார்த்து மடித்த ஏழு வரிப் பத்தியின் முதல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து, பத்தியை மறுபடி மடித்தால், ஏழு வரிகளுமே மாறியதாக டிஃப் காட்டும். வாக்கிய எல்லையில் உடைத்த பத்தியிலோ அந்த ஒரு வரி மட்டுமே தெரியும். எனக்கே இந்த அனுபவம் உண்டு. கோப்பைச் சேமிக்கும்போது வரிமுடிவு இடைவெளிகளைத் தானாக நீக்கும்படி எடிட்டரை அமைத்திருந்தேன். ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பிய பேட்ச் (மாறிய வரிகளைக் காட்டும் திருத்தக் கோப்பு) நாற்பது வரிக்கு நீண்டது. “இதில் திருத்தம் எது?” என்று பராமரிப்பாளர் கேட்டதில் தவறே இல்லை.

வெற்று வரிகளின் கதை வேறு. மூலத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டால், க்ராஃப் ஒரு முழு வரி உயரத்துக்கு இடம் விடும். பத்தி தொடங்குவதற்கென்று உள்ள மேக்ரோவை (பல கட்டளைகளை ஒரே பெயரில் அடக்கியதை) இட்டாலும் முனையத்தில் அதே ஒரு வரி இடைவெளிதான் தெரியும். ஆனால் அதே பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தால், மேக்ரோ விடும் இடம் வரி உயரத்தில் 0.4 பங்குதான், வெற்று வரி விட்ட இடங்கள் மட்டும் பல் விழுந்த வாய்போல் துருத்தித் தெரியும். இதனால்தான் வெற்று வரிகளை நீக்கி மேக்ரோ இடுகிறார்கள். அது வெளியீட்டை மாற்றுவதால், கண்டிப்பாகச் சொன்னால் ‘எஸ்ஆர்சிஃபிக்ஸ்’ ஆகாது. மூலத்தைப் படிக்கும் கண்ணுக்கு இடம் வேண்டுமென்றால், ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியை இடலாம். கட்டளைப் பெயர் இல்லாத புள்ளியை க்ராஃப் பேசாமல் கடந்துவிடும்.

எடுத்துக்காட்டு நிரல்களிலும் படங்களிலும் அடுக்கும் வேலை நிறுத்தப்படும்; அங்கே ஒவ்வோர் இடைவெளியும் எழுதியவாறே நிற்கும். வலையமைப்பு ஆவணங்களில் இதன் அருமை தெரியும். இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 1981இல் வந்த ஆர்எஃப்சி 791இல், ஐபி பொட்டலத்தின் தொடக்கத்தில் வரும் தலைப்பின் படம் கூட்டல் குறியாலும் கழித்தல் குறியாலும் வரையப்பட்டிருக்கிறது. ஒரு பிட்டுக்கு இரண்டு எழுத்து இடம் என்ற கணக்கில் 32 பிட்டுகளுக்கு 64 இடங்கள், மூடும் குறியையும் சேர்த்து 65. அங்கே நெட்டுக்கோடு நிற்கும் இடமே பிட்டின் எண்ணைச் சொல்கிறது. இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கும் ஒரு துப்புரவு நிரலை அந்தப் பக்கத்தின்மேல் ஓட்டினால், புலங்களின் எல்லைகள் இடம் பெயர்ந்து படம் பொய் சொல்லத் தொடங்கும். நெறிமுறைகளிலும் இடைவெளிக்கு இதே கனம் உண்டு: எச்டிடிபி கோரிக்கையில் தலைப்புப் பெயருக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தாலே, வழங்கி அதை 400 என்ற பிழையோடு நிராகரிக்க வேண்டும் என்று 2014இன் ஆர்எஃப்சி 7230 விதித்தது. இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் ப்ராக்ஸி அந்தத் தலைப்பை ஒருவிதமாகவும், வழங்கி வேறுவிதமாகவும் புரிந்துகொண்டதால் பாதுகாப்பு ஓட்டைகள் உண்டானதே அதற்குக் காரணம்.

ஆக, துப்புரவு சரியாக நடந்ததா என்று மூலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. திருத்தத்துக்கு முன்பும் பின்பும் பக்கத்தை ஒரே அகலத்தில் க்ராஃபிடம் கொடுத்து, கிடைத்த இரண்டு வெளியீடுகளையும் டிஃபில் ஒப்பிட வேண்டும்; எதுவும் வரக் கூடாது. முனைய வெளியீட்டோடு பிடிஎஃபையும் ஒப்பிடுவது நல்லது. சொல் திருத்தமும் வெற்றிடத் திருத்தமும் ஒரே கமிட்டில் (மாற்ற வரலாற்றின் ஒரே பதிவில்) கலந்திருந்தால் இந்தச் சோதனைக்கே பொருளில்லாமல் போகும் என்பதால், இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

பிறகு அந்தத் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்புவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீக்கப்படும் வரியை, அதன் கடைசியிலுள்ள வேண்டாத இடைவெளியோடு சேர்த்தே பேட்ச் சுமந்து செல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெறுபவரின் கோப்போடு அது பொருந்தாது. மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் நிரல் தயாரிக்கும் பேட்ச் மடலின் முடிவில், இரண்டு சிறுகோடுகளும் அவற்றையடுத்து ஓர் இடைவெளியும் கொண்ட கையொப்ப வரியும் இருக்கும். வரிமுடிவு இடைவெளிகளை ஒழிக்கப் புறப்பட்ட மடல், கடைசியில் தானும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் போய்ச் சேர்கிறது.