கூட்டணுமா, கழிக்கணுமா?

வார்த்தைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிடும்: "மிஸ், கூட்டணுமா, கழிக்கணுமா?" பாடம் நடத்தத் தொடங்கிய காலத்தில் நானும் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. அப்படிக் கேட்கும் பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். கணக்கில் இருக்கும் கதைதான் பிடிபடவில்லை.

இதில் பாதிப் பழி நம்முடையது. "மொத்தம்" வந்தால் கூட்டு, "மீதி" வந்தால் கழி, "அதிகம்" வந்தால் கூட்டு என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே. இதைப் பாருங்கள்: கமலாவிடம் 24 பென்சில்கள் உள்ளன. அது மாலாவிடம் இருப்பதைவிட 6 அதிகம். மாலாவிடம் எத்தனை? "அதிகம்" கண்ணில் பட்டதுமே பலர் 30 என்று எழுதிவிடுகிறார்கள். யாரிடம் அதிகம் என்று கொஞ்சம் நின்று பார்த்தால் 18.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம். 1,128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேரின் விடை, "31, மீதி 12"! அந்த 12 வீரர்களும் நடந்தா போவார்கள்?

போன வாரம் வகுப்பில் கொடுத்த கணக்கு இது. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து இருவர் வயதையும் கூட்டினால் 62. இப்போது மகளுக்கு என்ன வயது? ஒரு மாணவி 62-லிருந்து 6-ஐக் கழித்து, வந்த 56-ஐ 5-ஆல் வகுத்து, 11.2 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லச் சொன்னேன். "ஒரு அம்மா, ஒரு பொண்ணு. ஆறு வருஷம் ஆகுது. பொண்ணுக்கு ஆறு வயசு கூடும்..." அங்கே நின்றாள். "ஐயோ, அம்மாவுக்கும் கூடுமே!"

அப்புறம் நான் பேச வேண்டிய வேலையே இல்லை. இருவருக்கும் சேர்த்து 12-ஐக் கழித்தாள், 50 வந்தது. மகளுக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு நான்கு கட்டம் என்று படம் போட்டாள். ஐந்து கட்டத்துக்கு 50 என்றால் ஒரு கட்டம் 10. மகளுக்கு 10, அம்மாவுக்கு 40. சரிபார்ப்பதற்கும் அதே கதைதான்: ஆறு ஆண்டு கழித்து 16, 46. கூட்டினால் 62. x போட்டும் செய்யலாம்தான், ஆனால் கதை பிடிபடாத பிள்ளைக்கு x இன்னொரு புதிர்.

வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். எண்களை எடுத்துவிட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்: "ஒரு தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. குழாய் வழியாக நிமிடத்துக்கு இவ்வளவு என்று உள்ளே வருகிறது. எப்போது நிரம்பும்?" எண்ணே இல்லாததால் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. முதலில் முழிப்பார்கள்; அவசரப்பட்டு உதவாதீர்கள். கொஞ்ச நேரத்தில் "தொட்டி எவ்வளவு பெரிசு? ஏற்கெனவே எவ்வளவு இருக்கு?" என்று அவர்களே கேட்பார்கள். கேட்ட பிறகு, கேட்ட எண்ணை மட்டும் கொடுங்கள்.