நாக்கு மீனுக்குத் தன் மேனி தெரியுமா?

முல்லைத்தீவிலிருந்து உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருந்தார்: "கரைவலை மடியைக் கொட்டினால், நாக்கு மீன் மணலோடு மணலாய்க் கிடக்கிறது, கால் பட்டால்தான் தெரிகிறது. தன் உடம்பைத் தானே பார்க்க முடியாத மீன் எப்படி மணலின் நிறத்துக்கு மாறுகிறது?"

முதலில் ஆளைப் பார்ப்போம். நாக்கு மீனும் அதன் தட்டை உறவுகளும் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். பிறகு தைராய்டு ஹார்மோன் வேலையைத் தொடங்கும். ஒரு பக்கத்துக் கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்விடும், மீன் சரிந்து படுத்துவிடும். நாக்கு மீனுக்கு இரு கண்ணும் இடப்பக்கம். அடியில் கிடக்கும் பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும்.

சரி, நிறத்துக்கு வருவோம். மேற்பக்கத் தோலில் நட்சத்திர வடிவில் கருநிறக் கலங்கள் (செல்கள்) உண்டு. கலத்தின் உருவம் மாறுவதில்லை. உள்ளே இருக்கும் மெலனின் என்ற கருநிறமியின் மணிகள்தான் இடம் மாறுகின்றன. முற்றத்தில் காயப்போட்ட நெல்லை நினைத்துப் பாருங்கள். பரப்பினால் தரை மறையும், குவித்தால் தரை தெரியும், நெல் என்னவோ அதே அளவுதான். மணிகள் கலம் முழுதும் பரவினால் அந்த இடம் கறுக்கும். நடுவில் குவிந்தால் வெளுக்கும்.

மணிகளை இழுப்பது யார்? கலத்துக்குள் நுண்குழாய்கள் தண்டவாளங்களாக ஓடுகின்றன. அவற்றின் மேல் இரண்டு மோட்டார்ப் புரதங்கள்: கினெசின் மணிகளை வெளியே கொண்டுபோகும், டைனீன் உள்ளே கொண்டுவரும். நரம்பு நுனியிலிருந்து நோரட்ரினலின் என்ற செய்தி வேதிப்பொருள் சுரந்தால் டைனீனின் கை ஓங்கி, மணிகள் குவியும். தோலின் ஒரு பகுதிக்குப் போகும் நரம்பைத் துண்டித்தால் அந்தப் பகுதி மட்டும் கறுத்துப்போகும், குவிக்கச் சொல்ல ஆள் இல்லாததால். எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சோதனை இதுதான். நரம்பு வழி வேலை என்பதால் மாற்றம் நொடிகளில் நடக்கிறது. ஹார்மோன் மட்டும் என்றால் நேரமெடுக்கும்.

அப்படியானால் எந்த இடத்தில் குவிக்க, எந்த இடத்தில் பரப்ப? அதைச் சொல்வது கண். மீன் பார்ப்பது தன் உடம்பை அல்ல, சுற்றியுள்ள தரையை. துருத்திக்கொண்டிருக்கும் கண்கள் தரையின் வெளிச்சத்தையும் புள்ளிகளின் பருமனையும் மூளைக்கு அனுப்ப, மூளை தோலுக்குக் கட்டளை கொடுக்கிறது. கண்ணை மறைத்தால் இந்த ஒத்துப்போதல் நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் பிறந்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் குழுவினரும் 1996இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போத்தஸ் பேரினத்துத் தட்டை மீன்களைத் தொட்டியில் விட்டு, அடியில் வெவ்வேறு அளவுக் கட்டங்கள் போட்ட சதுரங்கப் பலகை மாதிரிப் படங்களை வைத்தார்கள். 2 முதல் 8 நொடிக்குள் மீன்கள் தங்கள் தோலின் கோலத்தை மாற்றிக்கொண்டன. அவர்கள் எடுத்தது அட்லாண்டிக் இனம். அதே பேரினத்து உறவுகள் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு.

இதற்கு என்ன செலவு? ஒரு தொட்டி, அச்சடித்த தாள், ஒரு கமரா. கோடிக்கணக்கில் கருவி வாங்கினால்தான் ஆய்வு என்று நிதி கேட்கும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. நந்திக்கடலும் கொக்கிளாய்க் களப்பும் பக்கத்தில் இருக்க, கேள்விதான் நமக்குக் குறைவு. வன்னியில் ஒரு பாடசாலை ஆய்வுகூடமே இதன் சிறு வடிவத்தைச் செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மீன் தரையைப் படம் எடுத்து அப்படியே தோலில் அச்சடிப்பதில்லை. அதன் கையிருப்பில் உள்ளவை ஒருசில அடிப்படைக் கோலங்களே. அவற்றை ஏற்றியும் இறக்கியும் கலந்துதான் கிட்டத்தட்டப் பொருத்துகிறது. ஆகவே கட்டங்களுக்குப் பதிலாகக் கோடுகளை வைத்தால் அது தடுமாறுமா என்பதை அந்தப் பிள்ளையே சோதித்துப் பார்க்கலாம். மீனை உயிரோடு வைத்திருக்கக் காற்றூட்டிய கடல்நீர் வேண்டும். தொட்டியடியில் மணல் போடக்கூடாது, போட்டால் ஆள் புதைந்துவிடும்.