எட்டாம் நம்பர் ஊசி எது?

ஸ்வெட்டர் பின்ன எட்டாம் நம்பர் ஊசி என்று கேட்டால் இரண்டு வேறு ஊசிகள் கைக்கு வரலாம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மி.மீ. விட்டம், அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. போதாக்குறைக்கு இரண்டும் எதிர்த் திசையில் ஓடுகின்றன. பிரிட்டிஷ் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க எண் கூடக்கூடப் பருக்கும். நம் ஊர்க் கடைகளில் அலுமினிய ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண்ணால் கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பலவும் அமெரிக்க எண்ணைச் சொல்கின்றன. இந்த இடத்திலேயே பாதி ஸ்வெட்டர்கள் கெட்டுவிடுகின்றன.

பிரிட்டிஷ் எண் தலைகீழாக இருப்பதற்குக் காரணம், அது கம்பிக்கு வைத்த எண். கம்பியைத் துளைகள் வழியாகத் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் மெலிய வைப்பார்கள். அதிகத் தடவை இழுபட்ட கம்பிக்குப் பெரிய எண். எர்த்திங் வேலைக்கு எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுக்கும் ‘எட்டு கேஜ் கம்பி’யும் ஏறக்குறைய 4 மி.மீ. கனம்தான். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஊசியில் பொறித்த எண் தேய்ந்து போயிருந்தால், துளையிட்ட அளவுத் தகட்டில் நுழைத்துப் பார்க்கலாம். வெர்னியர் அளவுகோல் இருந்தால் இன்னும் நல்லது. அளக்க வேண்டியது நடுத்தண்டை, கூர் முனையை அல்ல. முனை சரிவில் கண்ணி, அதாவது நூல் வளையம், பிறக்கிறது. தண்டின் மேல் ஏறியபிறகுதான் அதன் அளவு முடிவாகிறது. சரிவிலேயே வைத்துப் பின்னுகிறவர்களுக்கு எந்த ஊசியிலும் துணி இறுகித்தான் வரும்.

அளவு என்றால் சரியாக எதை? கண்ணி ஒன்றுக்குள் போகும் நூலின் நீளத்தை. 4 மி.மீ. ஊசியின் சுற்றளவு 12.6 மி.மீ.; 4.5 மி.மீ. ஊசிக்கு 14.1. ஊசி அரை மில்லிமீட்டர் பருத்தால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கூடுதல் நூலை விழுங்குகிறது. பின்னலாடைத் துணியின் வடிவியலை ஆராய்ந்த மண்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1959-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான கணக்குக் கொடுத்தது. இழுவிசை நீங்கி ஓய்ந்த நிலையில் இருக்கும் சாதாரணப் பின்னலில், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பது இரண்டுமே கண்ணி நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். கண்ணி நீளம் 5 சதவீதம் கூடினால் அகலமும் 5 சதவீதம் கூடும். சதுர சென்டிமீட்டருக்கான கண்ணிகள் ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். திருப்பூர் நிட்டிங் யூனிட்டில் துணியின் தரத்தைப் பேசும்போது ‘லூப் லென்த்’ என்று மில்லிமீட்டரில் சொல்வது இதைத்தான். அங்கே அதை இயந்திரத்தில் கண்ணி நீளத்தை அமைக்கும் ‘கேம்’ என்ற பாகத்தைத் திருகி மாற்றுவார்கள். கைப்பின்னலில் அந்தத் திருகு ஊசியின் கனம்.

இந்தச் சிறு சதவீதங்கள் உடம்பில் எவ்வளவு ஆகும் என்று பார்க்கலாம். டிகே எனப்படும் நடுத்தரக் கனத்து நூலுக்கு லேபிளில் வழக்கமாக 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருக்கும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்றால் 220 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால் அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். இறுகி 24 வந்தால் 92 செ.மீ.கூடத் தேறாது. கையை இழுத்துப் பிடித்தோ தளர்த்தியோ இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. நாலு வரிசைக்குப் பிறகு கை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். மாற்ற வேண்டியது ஊசியை.

அதற்கு மாதிரித் துண்டு பின்னியே ஆக வேண்டும். பலரும் பத்துக் கண்ணி போட்டு நாலு வரிசை பின்னிவிட்டு ஸ்கேலை வைப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. ஓரக் கண்ணிகள் எப்போதும் தளர்ந்தோ சுருண்டோ இருக்கும் என்பதால், மேற்சொன்ன டிகே நூலுக்கு 32 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. உயரம் வரை பின்ன வேண்டும். பிறகு ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து, இழுக்காமல் தட்டையாகக் காயவைத்து, நடுப் பத்து சென்டிமீட்டரை எண்ண வேண்டும். துவைக்கச் சொல்வதற்குக் காரணம் மண்டனின் கணக்கிலேயே இருக்கிறது. அவருடைய விகித எண்கள் உலர்ந்து ஓய்ந்த துணிக்கு ஒன்றாகவும் நனைந்து ஓய்ந்த துணிக்கு வேறாகவும் இருக்கின்றன. பின்னும்போது நூலுக்குள் தேங்கிய இறுக்கம் நீரில்தான் முழுசாக விடுபடும். அரைக் கண்ணியையும் விடாமல் எண்ணுங்கள். 22-க்கும் 22.5-க்கும் இடையே மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். கண்ணி கூடுதலாக வந்தால் 0.25 அல்லது 0.5 மி.மீ. பருத்த ஊசிக்கும், குறைவாக வந்தால் மெலிந்த ஊசிக்கும் போக வேண்டும். கண்ணிக் கணக்குப் பொருந்தி வரிசைக் கணக்கு மட்டும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை, உயரத்தை இரண்டு வரிசை கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

தட்டையாக, முன்னும் பின்னுமாகப் பின்னும்போது ஒரு வரிசை நிட் (துணியின் நேர்ப்பக்கக் கண்ணி), அடுத்தது பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி). பலருக்கு பர்ல் வரிசை சற்றுத் தளரும். துணியின் பின்பக்கம் வரிவரியாகப் பள்ளம் தெரியும். பர்ல் போடும் கைக்கு மட்டும் ஒரு அளவு மெலிந்த ஊசியைக் கொடுத்தால் இது மறைந்துவிடும். வட்டமாகப் பின்னினால் எல்லாச் சுற்றும் நிட்தான்; ஆகவே தட்டையாக எடுத்த கணக்கு தொப்பிக்கும் காலுறைக்கும் செல்லாது.

லேபிள் சொல்லும் ஊசி ஒரு சராசரித் துணிக்கானது. ஒரே மெல்லிய நூலில் காலுறை வேண்டுமென்றால் 2.25 முதல் 2.5 மி.மீ. ஊசி. கண்ணி நெருங்கி நிற்பதால் செருப்பு உரசலைத் தாங்கும். அதே நூலில் சல்லடைச் சால்வை என்றால் 4 மி.மீ. வரை போகலாம். அங்கே காற்றோட்டமும் துணி குழைந்து விழுவதும்தான் நோக்கம். கைமணிக்கட்டு, இடுப்பு விளிம்புகளில் போடும், நீண்டு சுருங்கும் வரிப் பின்னலான ரிப்புக்கு உடல் பகுதி ஊசியைவிட 0.5 முதல் 0.75 மி.மீ. மெலிந்தது வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் விளிம்பு மணி வாய் போல விரிந்து நிற்கும். பருத்தி நூலுக்குக் கம்பளியின் சுருள்வில் குணம் கிடையாது, தொங்கிக்கொண்டே போகும். அதற்கு லேபிளைவிட ஒரு படி மெலிந்த ஊசியில் தொடங்குவதே என் பரிந்துரை.

உலோகமா மரமா என்பதைப் பலர் ரசனைப் பிரச்சினையாக நினைக்கிறார்கள். உண்மையில் அது உராய்வுப் பிரச்சினை. நிக்கல் பூசிய பித்தளையிலும் அலுமினியத்திலும் கண்ணி வழுக்கி ஓடும். சொரசொரப்பான கம்பளிக்கு அதுதான் வேகம். பட்டு, மெர்சரைஸ் செய்த (பளபளப்பூட்டிய) பருத்தி போன்ற வழுக்கும் நூலை அதே ஊசியில் போட்டால் பக்கவாட்டில் நாலு கண்ணி கழன்று விழும். இவற்றுக்கு மூங்கில் ஊசி. அதன் உராய்வு கண்ணியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் 2.5 மி.மீ.க்குக் கீழே மூங்கில் எளிதில் ஒடியும் என்பதால் அங்கே எஃகோ கார்பன் நாரோதான் நிலைக்கும். 8 மி.மீ.க்கு மேல் பிளாஸ்டிக் நல்லது, எடை குறையும். இதில் மறக்கக்கூடாத ஒன்று: ஊசியின் பொருள் மாறினால் நூலை இழுக்கும் விதமும் மாறும், 4 மி.மீ. மூங்கிலும் 4 மி.மீ. அலுமினியமும் ஒரே கணக்கைத் தராமல் போகலாம். எந்த ஊசியில் மாதிரி எடுத்தீர்களோ அதிலேயே ஸ்வெட்டரையும் முடியுங்கள்.

ஊட்டிப் பக்கம் கேத்தியில் நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலை ‘போனி’ என்ற பெயரில் பின்னல் ஊசிகள் செய்கிறது. குமிழ் வைத்த நேர் ஊசி ஜோடிதான் நமக்குப் பழகிய உருவம். குழந்தை ஸ்வெட்டருக்கு அது போதும். பெரிய போர்வைக்கு மணிக்கட்டு வலிக்கும். 400 கிராம் துணி கையிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தொங்கினால், 5 செ.மீ. தொலைவில் 1.2 கிலோ தொங்குவதற்குச் சமமான திருப்பம் கையில் ஏறும். இரண்டு குட்டி ஊசிகளை வளையும் வயரால் இணைத்த வட்ட ஊசியில் அந்த எடை மடியில் கிடக்கும். நேராகப் பின்னுவதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

வட்டமாகப் பின்னும்போது மட்டும் வயரின் நீளம் முக்கியம். கண்ணிகளை நெருக்கி வைக்கலாம், நீட்டி வைக்க முடியாது. எனவே ஊசியின் மொத்த நீளம் துணியின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 50 செ.மீ. சுற்றுள்ள தொப்பிக்கு 40 செ.மீ. ஊசி. 60-இல் போட்டால் வட்டம் மூடாது. உச்சியில் கண்ணி குறையக் குறைய 40-ம் நீளமாகிவிடும். அப்போது ஐந்து இருமுனை ஊசிகளுக்கு மாற வேண்டும். ஊசி மாறும் இடங்களில் ஏணிப்படி போல இடைவெளி விழும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்குத் தள்ளிக்கொண்டே போனால் படி ஓரிடத்தில் சேராது.

22 கண்ணி கிடைக்கவே இல்லை, ஒரு ஊசியில் 21 வருகிறது, அடுத்ததில் 23-க்குத் தாவுகிறது என்றால் நூலோடு சண்டை வேண்டாம். துணியின் தொடுகை பிடித்திருக்கும் ஊசியை வைத்துக்கொண்டு கணக்கை மாற்றுங்கள்: 10 செ.மீ.க்கு 21 வீதம் 100 செ.மீ.க்கு 210 கண்ணி. செய்முறையில் எந்த சைஸுக்கு 210-ஐ ஒட்டிய எண் இருக்கிறதோ அந்த சைஸின் கண்ணி எண்ணிக்கையைப் பின்பற்றுங்கள். உயரத்தை மட்டும் உங்கள் அளவுக்கு டேப்பால் அளந்து நிறுத்துங்கள்.