தின்குழியம்: தின்னுமா, விழுங்குமா?

வெள்ளவத்தையில் தமிழ்மொழிமூலம் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு அது ‘தின்குழியம்’. தமிழ்நாட்டில் ‘விழுங்கு செல்’ என்பார்கள். இரண்டும், உடலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கும் கலமான (செல்) பேகோசைட்டுக்கான பெயர்களே.

கிரேக்கத்தில் ‘பகெயின்’ என்றால் தின்னுதல். ‘கைட்டோஸ்’ என்றால் குழிந்த பாத்திரம். 1882இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீன் குடம்பிக்குள் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். விடிந்து பார்த்தால் அசையும் கலங்கள் முள்ளை மொய்த்து நின்றன. அவற்றுக்கு இந்தக் கிரேக்கப் பெயரை எடுத்துக்கொடுத்தவர் வியன்னா விலங்கியலாளர் கார்ல் கிளவுஸ். ‘குழியம்’ கைட்டோஸுக்கு அச்சொட்டான சொல். செல்லை நாங்கள் ‘கலம்’ என்பதும் பாத்திரப் பொருளில்தானே!

சிக்கல் ‘தின்’னில் இருக்கிறது. கலம் கிருமியை மென்சவ்வால் சுற்றி உள்ளிழுத்து ஒரு பைக்குள் அடைக்கிறது. இது விழுங்கல். பிறகு நொதியம் நிறைந்த இலைசோசோம் என்ற கலவுறுப்பு அந்தப் பையோடு இணைந்து கிருமியைக் கரைக்கிறது. இது சமிபாடு. ‘வாதாபி ஜீரணோ பவ’ என்று அகத்தியர் வயிற்றைத் தடவிய கதைதான். ஆனால் சில வாதாபிகள் செரிப்பதில்லை.

காசநோய்க் கிருமி, பையோடு இலைசோசோம் இணைவதைத் தடுத்துவிட்டுப் பெருந்தின்குழியம் (மேக்ரோபேஜ்) என்ற பெரிய தின்குழியத்துக்குள்ளேயே பெருகும். லிஸ்டீரியா என்ற பற்றீரியா நச்சுப் புரதத்தால் பையைத் துளைத்துக் குழியவுருவுக்குள் (சைட்டோபிளாசம்) இறங்கும். கலத்தின் சொந்தப் புரதமான அக்டினையே வாலாகக் கோத்து, அந்த உந்தலில் பக்கத்துக் கலத்துக்குள் புகும். குருதியில் திரியும் பிறபொருளெதிரியின் (அன்டிபொடி) கையில் அகப்படாது. கொக்சியெல்லா என்ற பற்றீரியா இன்னும் விசித்திரம்: அமிலம் ஊறிய பையில்தான் அது செழிக்கும்.

கொழும்புக்கு வடக்கே ஹேந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோய் மருத்துவமனை அமைத்தார்கள். அந்நோயின் கிருமியும் இப்படிக் கலத்துக்குள் வாழும் வகையே. தின்குழியத்திலும் நரம்பைச் சுற்றிய சுவான் கலத்திலும் குடியிருக்கும். இருமடங்காக ஏறத்தாழ 2 கிழமை எடுக்கும். செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை.

கலத்தின் பெயராகத் தின்குழியமே இருக்கட்டும். செங்குழியம், வெண்குழியத்தோடு ஒரே குடும்பமாக நிற்கிறது. அது விழுங்கும் செயலுக்கு (பேகோசைட்டோசிஸ்) மட்டும் ‘கலவிழுங்கல்’ என்பதே என் தெரிவு. ‘தின்குழியச் செயல்’ என்று எழுதினால், காசநோய்க்கு வரும்போது தின்னாத தின்குழியச் செயல் என்று திண்டாட வேண்டிவரும். கிருமியை அடைக்கும் பையான பேகோசோமுக்கு ‘விழுங்குபை’ போதும். உள்ளே குடியிருப்பவற்றைக் ‘கலத்தகப் பற்றீரியா’ எனலாம். ‘அக’ என்றாலே உள் என்பதால் ‘உள்’ளை வேறு சேர்க்கத் தேவையில்லை.